ஏழு நிமிட ஒப்புதல்

பதினான்காம் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒரு திங்கட்கிழமை காலை மாநிலத்தின் எல்லா அரசுக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை மாலைக்குள் பரிமளாவின் பெயருக்கு நாற்பத்தொரு புகார்கள் வந்துவிட்டன. அரசு அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் பதினேழு வருடமாகப் பழுது பார்க்கிறவள் அவள். புதுப்பிப்பை எழுதுகிறவர்கள் குளிர்சாதன அறையில் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். அது போன இடமெல்லாம் பின்னாலேயே பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்வது அவள் தலையெழுத்து.

நாற்பது புகார்கள் வழக்கமானவை. எங்கோ பிரிண்டர் காணாமல் போயிருந்தது, எங்கோ தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, ஒரு கால்நடை மருத்துவமனையில் திரை தலைகீழாக நின்றது. நாற்பத்தொன்றாவது செங்காட்டுப்புதூர் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்தது. பழுதின் வகை என்ற கட்டத்தில் ‘வெளியாள் ஊடுருவல்’ என்று இருந்தது. வருமானச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுக்கிற ஆபீசுக்குள் எந்த வெளியாள் எதற்காக ஊடுருவப் போகிறான் என்று பரிமளாவுக்கு எரிச்சல்தான் வந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் போய் இறங்கியபோது ஜன்னலுக்கு வெளியே அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இளநிலை உதவியாளர் துரைசிங்கம் அவளைப் பார்த்தார், அவள் தோளில் இருந்த பையைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“இன்ஜினியர் சார் வண்டிய நிறுத்திப்போட்டு வர்றாருங்களா?”

“நான்தான் சார் இன்ஜினியர். வேற யாரும் வரல.”

“அப்படிங்களா,” என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வெளியாள்னு எழுதியிருக்கீங்க. யார் உள்ள வந்தாங்க?”

“அதுங்களா.” துரைசிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆரும் வரலீங்க. போன வருசம் ‘கணினி மெதுவாக உள்ளது’ன்னு போட்டனுங்க, ஆளு வர நாப்பது நாளாச்சு. ‘திரை தெரியவில்லை’ன்னு போட்டா ஒரு மாசமாகுது. ‘வெளியாள் ஊடுருவல்’னு போட்டாத்தான் ரெண்டே நாள்ல வர்றீங்க. பக்கத்துத் தாலுகாவுல சொல்லிக் குடுத்த ரோசனைங்க.”

பரிமளா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “அந்த வார்த்தையப் போட்டா எங்களுக்கு மட்டும் வராது சார். சைபர் போலீசுக்கும் தானாப் போயிரும். மூணு நாளுக்குள்ள நான் பாத்து வேற காரணம் எழுதலேன்னா கேஸ் பதிவாயிரும். எப்ப போட்டீங்க?”

“செவ்வாக்கெழம மத்தியானமுங்க.”

“அப்ப நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் நேரம்.”

துரைசிங்கம் டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனார். டீ வந்தது, அவர் வரவில்லை.

தாசில்தார் ரத்தினசபாபதி மோசமான மனிதர் இல்லை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தை அவரே சொன்னார். புதுப்பிப்பு வந்ததைக் கொண்டாட கலெக்டர் ஒரு காணொளிக் கூட்டம் வைத்து, பன்னிரண்டு தாசில்தார்களையும் ஆளுக்கொரு கோப்புக்கு நேரலையில் ஒப்புதல் போடச் சொல்லியிருக்கிறார். பதினொரு பேருக்குப் போயிற்று. இவர் தட்டியதும், மாவட்டமே பார்க்க, திரையில் சிவப்பாக ‘நீங்கள் வட்டாட்சியர் இல்லை’ என்று வந்துவிட்டது.

“ரெண்டு வருசமா நான்தானம்மா தாசில்தாரு. ஊருக்கே தெரியுது, இதுக்குத் தெரியல. அப்டேட்டு பழுது. எடுத்துப்போட்டுப் பழசையே வெச்சுக் குடுத்துருங்க.”

“இப்ப ஒரு தடவ தட்டுங்க சார், பாக்கறேன். ஒரே நாள்ல மூணு தடவ தப்பானா பூட்டிக்கும், அதனால ஒரே தடவ போதும்.”

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதிகாரி ஒரு வரியைத் தன் கையால் தட்டச்சு செய்யவேண்டும்: ‘ஆவணங்களைச் சரிபார்த்தேன், ஒப்புதல் அளிக்கிறேன்.’ சும்மா ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக எப்போதோ வைத்த விதி. தாசில்தார் வலதுகை ஆள்காட்டி விரலை உயர்த்தி, எழுத்தைத் தேடி, குனிந்து, கண்டுபிடித்து, அமுக்கினார். அடுத்த எழுத்தைத் தேடினார். பரிமளா டீயைக் குடித்து முடித்துவிட்டாள். கடைசியில் அதே சிவப்பு வரி வந்தது.

“சார், இனிமே பாஸ்வேர்டு கிடையாது,” என்றாள் பரிமளா. “தூரத்துல வர்றவங்கள நடைய வெச்சே யாருன்னு சொல்றமில்ல, அதே மாதிரி இது விரல்நடைய வெச்சு ஆளச் சொல்லுது. எந்த விரல் முந்துது, எந்த எழுத்துல தயங்குது, எங்க நிக்குதுன்னு பாக்கும். பழைய பதிவெல்லாம் அதுகிட்ட இருக்கு. இந்த லாகின்ல பதினோரு வருசமாத் தட்டின ஆளோட நடைய அதுவே படிச்சு வெச்சிருக்கு.”

“தட்டின ஆளு,” என்றார் தாசில்தார் மெதுவாக.

“ஆமா சார். இங்க தட்டுறது யாரு?”

தாசில்தாரும் அறையிலிருந்த ஊழியர்களும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசையில், கழுத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் அட்டையோடு, கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். கணினி ஆப்பரேட்டர். அரசு ஊழியர் பட்டியலில் பெயர் கிடையாது, ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பட்டியலில்தான் உண்டு. இந்த அலுவலகத்தில் பதினோரு வருடம். அவள் வந்தபிறகு ஒன்பது தாசில்தார்கள் மாறிப் போய்விட்டார்கள், ரத்தினசபாபதி பத்தாவது.

“வந்து தட்டும்மா,” என்றார் தாசில்தார்.

கௌசல்யா நின்றபடியே குனிந்து அந்த வரியை அடித்தாள். நான்கு நொடி ஆகியிருக்கலாம். திரை பச்சையானது. ‘வணக்கம், வட்டாட்சியர் அவர்களே.’

வாசலில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் துரைசிங்கம். தாசில்தார் முறைத்ததும் அவர் மறுபடியும் டீ சொல்லப் போய்விட்டார்.

மற்ற பதினொரு தாலுகாவிலும் கதை இதேதான் என்று பரிமளாவுக்குத் தெரியும். அங்கெல்லாம் கேமராவை முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே ஆப்பரேட்டரின் கையை வைத்துத் தப்பித்திருப்பார்கள். ரத்தினசபாபதிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தாசில்தார்களுக்கு வேலை இல்லாமலும் இல்லை. அமைச்சர் வருவார், ஆக்கிரமிப்பு எடுக்கவேண்டும், தேர்தல் வரும், வெள்ளம் வரும். சான்றிதழ் யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த யாராவதுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் நினைவிருப்பதில்லை. பரிமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான்.

அடுத்து அவள் தணிக்கைப் பட்டியலைத் திறந்தாள். வெளியாள் என்று புகார் போனால், மெஷின் பழைய ஒப்புதல்கள் எல்லாவற்றையும் தானாகவே தோண்டிப் பார்க்கும். நடை ஒத்துவராத சான்றிதழ்களைப் போலி என்று குறித்து, அவற்றை வாங்கி வைத்திருக்கும் இடங்களுக்குத் தகவலும் அனுப்பிவிடும். மற்ற அலுவலகங்களென்றால் இந்தப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியிருக்கும். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் தட்டியிருப்பார். இங்கே பதினோரு வருடத்தில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஒப்புதல்கள். போலி என்று குறித்தது ஒன்றே ஒன்று.

“கௌசல்யா, நீங்க லீவே போட்டதில்லையா?”

“போட்டிருக்கறனுங்க மேடம். நான் வர்ற வரைக்கும் ஃபைலு அப்படியே இருக்குமுங்க.”

பரிமளா அந்த ஒன்றைப் படித்தாள். “சாதிச் சான்றிதழ். பேர் மௌனிகா. போன வருசம் ஜூன். அந்த ஒரு வரியத் தட்ட ஏழு நிமிசம் பத்து நொடி ஆயிருக்கு. யார் இது?”

கௌசல்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “என்ற புள்ளைங்க.”

மௌனிகா கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நேற்றுக் காலை கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் கொடுத்த சாதிச் சான்றிதழ் போலி என்று அரசுக் கணினியே சொல்கிறது, இன்று மாலை ஐந்து மணிக்குள் சரியான சான்றிதழோ அலுவலகத்தின் விளக்கமோ வராவிட்டால் இடம் ரத்து. பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். கௌசல்யா இதை ஒரு விண்ணப்பதாரரின் விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீங்கதான எல்லாருக்கும் போடுறீங்க. இது மட்டும் எப்படி வேற கை?”

“இங்க சேந்தப்பவே மனசுல ஒண்ணு வெச்சிருந்தனுங்க. என்ற வீட்டுக்கு மட்டும் நான் அந்த வரிய அடிக்கக் கூடாதுன்னு. ‘அங்க உக்காந்துட்டு அவளுக்கு அவளே போட்டுக்கறா’ன்னு ஆராச்சும் ஒரு சொல் சொல்லிப்போட்டா, நான் போட்ட அத்தனையும் சந்தேகமாயிருமில்லீங்க. அதும் எங்க சாதிக்குன்னா கேக்கவே வேண்டாம், சொல்றதுக்குன்னே ஆளிருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “புள்ள மனு பதினாலு நாளு அப்படியே கெடந்துதுங்க. பதினஞ்சாம் நாளு சார்கிட்டப் போயி, நீங்களே பாத்து உங்க கையாலயே போடுங்கன்னு கேட்டன். ஆவணத்தையெல்லாம் எடுத்து வெச்சுட்டு நான் வெளிய போயி நின்னுக்கிட்டன்.”

“ஆமாம்மா, நான்தான் தட்டினன்,” என்றார் தாசில்தார் பெருமையாக. “கையே வலிச்சுப்போச்சு.”

பரிமளா திரையிலிருந்த அந்தப் பதிவை இன்னொரு தடவை படித்தாள். இந்தத் தாலுகாவில் பதினோரு வருடமாகச் சட்டப்படி, உண்மையான தாசில்தார் உண்மையாகவே தன் கையால் கொடுத்த சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் மெஷின் போலி என்கிறது. அதற்குக் காரணம் இந்தப் பெண்ணின் நேர்மை. பரிமளாவுக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. மெஷினை உலுக்கிப் பிரயோஜனமில்லை, அது தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறது.

வராந்தாவுக்குப் போய் சென்னைக்குப் போன் போட்டாள். மேலாளர் நவநீத் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“பரிமளா, அப்டேட் பழுதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகப் போற நேரம்.”

“பழுது இல்ல சார். சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. அதுதான் பிரச்சினை.”

விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், “ரொம்ப சிம்பிள். வெளியாள்னு புகார், வெளியாள்னு முடிவு. ஆப்பரேட்டர் பேரப் போட்டுக் க்ளோஸ் பண்ணுங்க. மிச்சத்த போலீஸ் பாத்துக்கும்.”

“அந்த வெளியாள் பதினோரு வருசமா உள்ள உக்காந்து ஒரு தாலுகாவையே நடத்தியிருக்காங்க சார்.”

“அது நம்ம வேலை இல்ல பரிமளா. உங்களுக்கு இன்னும் நாப்பது பாக்கி இருக்கு.”

போனை வைத்துவிட்டு அவள் சில வார்த்தைகள் சொன்னாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே தாசில்தார் ஒரு யோசனையோடு காத்திருந்தார். “எனக்கொண்ணு தோணுது. மெஷினுக்கு என்ற நடையவே சொல்லிக் குடுத்துட்டா? ஒரு நாளு உக்காந்து தட்டறன். அப்பறம் நான்தான் தாசில்தாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருமில்ல?”

“தெரியும் சார். மௌனிகா சான்றிதழ் உண்மையாயிரும்.”

“அப்ப முடிஞ்சுது.”

“மத்த ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துச் சொச்சமும் போலியாயிரும். வெளிய நிக்கிறாங்களே, அவங்க வீட்டுல இருக்கிறது, அந்தப் பிள்ளைங்க படிக்கிற காலேஜ்ல இருக்கிறது, வேலைக்குச் சேந்த இடத்துல குடுத்தது, எல்லாம்.”

தாசில்தார் ஜன்னலைப் பார்த்தார். அறுபது பேர் இப்போது எண்பது பேராகியிருந்தார்கள்.

“ஒரு வழிதான் இருக்கு சார்,” என்றாள் பரிமளா. “ஆபீஸ் தலைவர் தன் கைப்பட, பேனாவால, வெள்ளத்தாள்ல ஒரு உறுதிமொழி எழுதிக் குடுக்கணும். இந்த லாகின்ல யார் தட்டினாங்க, யார் சொல்லித் தட்டினாங்கன்னு. நான் படம் எடுத்து ஏத்தினா மெஷின் ரெண்டு பேர் நடையையும் எடுத்துக்கும். அவங்க தட்டினது உங்க உத்தரவுல தட்டினதாகும். மௌனிகாவுது நீங்களே தட்டினதாகும். உங்களுக்கு முந்தினவங்களுக்கும் சேத்து, இதுதான் இங்க வழக்கம்னு ஒரு வரி. எந்தச் சான்றிதழும் போலியாகாது, காலேஜுக்கும் உடனே சரின்னு தகவல் போயிரும், போலீசும் வராது.”

“எனக்கு?”

“விளக்கம் கேப்பாங்க.”

“சஸ்பெண்ட் பண்ணுவாங்கன்னு சொல்லும்மா, பரவால்ல.” தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம். முப்பத்திமூணு வருசத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல. பத்துப் பேரு செஞ்சதுக்கு நான் ஒருத்தன் எழுதிக் குடுக்கோணுமா?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துப் பேரில் இவர் ஒருவர்தான் ஒரு முறையாவது தன் கையால் தட்டியவர். ஆனாலும் கௌசல்யா நின்ற இடத்தைப் பார்த்தபோது பரிமளாவுக்கு அந்த நியாயம் ருசிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாசில்தார் சிரித்த முகமாக வந்தார். அவருக்கு வழி கிடைத்துவிட்டிருந்தது.

“அட, இதுக்கு எதுக்கு இத்தன யோசன? கௌசல்யா, நீயே உன்ற புள்ளைக்கு இன்னொண்ணு போட்டுக்கம்மா. உன்ற கைய அது ஏத்துக்குமில்ல? புதுச் சான்றிதழ காலேஜுக்கு அனுப்பிரு. ஆரு கேக்கப்போறாங்க? நான் கண்டுக்கவே இல்ல.”

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. துரைசிங்கம் கூடத் தைரியமாக உள்ளே வந்தார். “நாளைக்கு நானே எழுதிக் குடுத்தர்றனுங்க, தவறுதலாப் போட்ட புகாருன்னு,” என்றார். ஒரு நொடி பரிமளாவுமே அப்பாடா என்று நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடம் ஒருத்தி எதைச் செய்யமாட்டேன் என்று தன்னைக் கட்டி வைத்திருந்தாளோ, அதையே செய்துகொள்ளச் சொல்லிச் சலுகை கொடுக்கிறார்கள். அதுவும் அன்பாகக் கொடுக்கிறார்கள்.

கௌசல்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

“சார், நீங்க ஆவணத்த மட்டுமாச்சும் ஒருக்கா பாத்துருங்க.”

“நீ பாத்தாச் சரிம்மா.”

அவள் கணினி முன் உட்கார்ந்தாள். மௌனிகாவின் விண்ணப்பத்தைத் திறந்தாள். தாத்தாவின் சாதிச் சான்றிதழ், அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எல்லாருக்கும் பார்ப்பதுபோலவே எண், பெயர், முத்திரை என்று விரல் வைத்துப் பார்த்தாள். கணவன் பெயர் வந்த இடத்திலும் அதே மாதிரி விரல் வைத்தாள். பிறகு வரியை அடிக்கத் தொடங்கினாள்.

பரிமளா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நான்கு நொடியில் முடிந்த வரி, ‘ஆவணங்களை’ முடிவதற்கே அவ்வளவு நேரம் எடுத்தது. ‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. ஒரு எழுத்தை அழித்து மறுபடி அடித்தாள். முடித்தாள்.

திரை சிவப்பானது. ‘நீங்கள் வட்டாட்சியர் இல்லை.’

“அவசரப்படாதீங்க,” என்றாள் பரிமளா. “தண்ணி குடிங்க. இன்னும் ஒரு தடவதான் இருக்கு. வேற யாருக்கோ போடுறதா நெனச்சுக்கிட்டு அடிங்க.”

“வேற ஆருக்கோன்னா எப்படிங்க்கா நெனைக்கறது? பேரு இங்க எழுதியிருக்குதே.”

சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை வேகமாகத்தான் அடித்தாள். தேவைக்கு மேல் வேகம். எழுத்து ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆனால் அது அவள் நடை இல்லை. மெஷின் ஒரு கணம் யோசித்தது. மூன்றாவது சிவப்பு வரி வந்தது, அதன் கீழே ஒரு பூட்டுப் படம் வந்தது. ஜன்னலில் இருந்த கணினியும் இருண்டுபோயிற்று. வரிசையில் முதலில் நின்ற பெண், “ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?” என்று கேட்டாள்.

“என்னாச்சும்மா?” என்றார் தாசில்தார்.

“பூட்டிக்கிச்சு சார்,” என்றாள் பரிமளா. “காலைல உங்களுக்கு ஒண்ணு, இப்ப இவங்களுக்கு ரெண்டு. இந்த ஆபீசுல யாரும் தாசில்தார் இல்லன்னு அது முடிவு பண்ணிருச்சு.”

“திறங்க.”

“என்னால திறக்க முடியாது. நீங்க எழுதின கடிதம் வந்தாத்தான் திறக்கும். இல்லேன்னா நான் எழுதவேண்டியது ஒண்ணுதான் மிச்சம். வெளியாள்னு எழுதணும். அது யாருன்னும் எழுதணும். அந்தப் பேர நான் எழுத மாட்டேன் சார். என் வேலை போனாலும் சரி. அப்ப இது பூட்டினபடியே இருக்கும், நாளைக்கு மத்தியானம் போலீஸ் வந்து அவங்களே கேப்பாங்க.”

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது குரலில் வந்துவிட்டது. தாசில்தாரிடம் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வெளியே கூட்டம் ஜன்னல் கம்பியைத் தட்ட ஆரம்பித்திருந்தது. மணி நாலேகால்.

ரத்தினசபாபதி நீண்ட மூச்சு ஒன்று விட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார். இரண்டையும் சேர்த்து மேசைக்கு எதிர்ப்பக்கம், கௌசல்யா பக்கமாக, நகர்த்தினார்.

“எழுதிக்கம்மா. ‘பெறுநர், மாவட்ட ஆட்சியர் அவர்கள். ஐயா, மேற்படி லாகினை எனக்குத் தெரியாமல் ஒப்பந்தப் பணியாளர் திருமதி கௌசல்யா...’”

பரிமளாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் வஞ்சகமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. முப்பத்து மூன்று வருடத்தில் வாயில் வந்த எதையும் இன்னொருவர் கைதான் எழுதிக் கொடுத்திருக்கிறது. கௌசல்யாவைச் சிறைக்கு அனுப்பும் கடிதத்தை அவள் கையாலேயே எழுதிக் கேட்கிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பரிமளா வாயைத் திறந்தாள். அதற்குள் கௌசல்யாவின் கை பழக்கத்தில் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தது. ‘பெறுநர்’ வந்தது. ‘ஐயா’ வந்தது. ‘மேற்படி லாகினை எனக்குத்’ வரை வந்து நின்றது.

அவள் தான் எழுதியதைப் படித்தாள். தாளை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். வேறொரு தாளை எடுத்துத் தாசில்தார் முன் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

“இத நீங்களே எழுதுங்க சார்.”

“எனக்கு இந்த வாசகமெல்லாம் வராதும்மா.”

“வாசகம் வேண்டாமுங்க. நடந்தத எழுதுங்க. மெதுவாவே எழுதுங்க, நான் இங்கதான் இருக்கறன்.”

சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. மேசைக்கு எதிரே மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். தாசில்தார் பரிமளாவைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. வாசலைப் பார்த்தார்.

அங்கே துரைசிங்கம் நின்றிருந்தார். “எழுதுங்க சார்,” என்றார் அவர், கைகட்டிக்கொண்டு. “புகாரு போட்டவன் நான்னும் சேத்தே எழுதிக்கங்க.”

தாசில்தார் எழுதினார். பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் எழுதினார். பேனா பிடித்துப் பழக்கம் விட்டுப்போன கை, வரிகள் மேலும் கீழும் போயின. முடித்துக் கையெழுத்துப் போட்டபோது நாலே முக்கால். பரிமளா வாங்கிப் படித்தாள். இந்த அலுவலகத்தில் சான்றிதழ்களை ஆராய்ந்ததும் ஒப்புதல் வரியைத் தட்டியதும் கௌசல்யா, அது எனக்குத் தெரிந்தும் என் உத்தரவின் பேரிலும் நடந்தது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலும் இதுவே வழக்கம், மௌனிகா என்ற மாணவியின் சான்றிதழ் ஒன்றை மட்டும் நான் ஆவணங்களைப் பார்த்து என் கையால் கொடுத்தேன், அது உண்மையானது. எழுதியிருந்தது அவ்வளவுதான்.

இதற்கு என்ன விலை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். தாசில்தாருக்கு ஒரு வாரத்தில் சஸ்பெண்ட் ஓலை வரும். உத்தரவின் பேரிலென்றாலும் தாசில்தார் லாகினில் உட்கார்ந்தவள் என்று எழுத்தில் வந்துவிட்டபிறகு, ஏஜென்சி கௌசல்யாவை மாதக் கடைசிவரைகூட வைத்திருக்காது. மற்ற பதினொரு தாலுகாவிலும் நாளைக் காலையும் கேமராவை முகத்துக்கு மட்டும்தான் வைப்பார்கள். பரிமளா தாளை விரித்துப் பிடித்து, படம் எடுக்கப் போனைத் தூக்கினாள்.

“கொஞ்சம் இருங்க்கா,” என்று கௌசல்யா எழுந்து வந்தாள்.

தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நிற்கவில்லை. மகள் பெயர் வந்த இடத்திலும் நிற்கவில்லை. கையெழுத்துவரை போய், தாளைத் திருப்பித் தாசில்தார் முன் வைத்தாள்.

“தேதி போடலீங்க சார்.”

அவர் தேதியைப் போட்டார்.